தோட்டத்து லயங்களில் சபைப்பணி: குடும்பங்களோடும் இளைஞரோடும் வேலைசெய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை, பசறைப் பக்கத்துச் சபைகளில் வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தப் பேச்சு எழும்: "நாமும் தோட்டங்களுக்குப் போய் ஏதாவது செய்யவேண்டும்." அப்புறம் நடப்பதும் அநேகமாக ஒன்றுதான். டிசம்பரில் ஒரு வேன் பிடித்து, உலர் உணவுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு போவோம். பிள்ளைகளுக்குக் கேக், இரண்டு பாட்டு, ஒரு ஜெபம், எல்லாரும் நின்று ஒரு போட்டோ. அடுத்த டிசம்பரில் வேறு தோட்டம். அப்படிப் போய்வந்து மனம் நிறையாமல் இருக்கிற போதகர்கள், வாலிபர் சங்கத்தார், ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

லயம் என்பது தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் வரிசைவீடுகள். லயத்துப் பிள்ளையின் வாழ்க்கையில் வந்து போகிறவர்கள் ஏராளம். அம்மா குவைத்தில். அப்பா கொழும்பில் ஏதோ ஒரு கடையில், தீபாவளிக்கு வருவார். கணித டீச்சர் இரண்டு தவணை இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார். திட்டம் முடிந்ததும் தொண்டு நிறுவனமும் பெயர்ப்பலகையை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அந்தப் பிள்ளைக்கு இன்னொரு புதிய முகம் தேவையே இல்லை. சொன்ன நாளில் திரும்ப வருகிற ஆள்தான் தேவை. ஆகவே அளவைச் சிறியதாக வையுங்கள்: ஒரு டிவிஷன் (தோட்டத்தின் ஒரு பிரிவு), கிழமையில் ஒரு நாள், அதே நேரம், குறைந்தது மூன்று வருடம். அதற்கு நான்கு பேர் கிடைக்காவிட்டால், கிடைக்கும்வரை பொறுத்திருங்கள்.

முதலில் இடம்

மிக வறுமையான தோட்டம் எது என்று தேடிப் போகவேண்டாம். மழைநாளில் மாலை ஆறு மணிக்குப் பிறகும் உங்களால் போய்த் திரும்பிவர முடிகிற தோட்டம் எது என்று பாருங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பஸ் இறங்கி எவ்வளவு தூரம் நடக்கவேண்டும், ஆட்டோவுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்பதையெல்லாம் முன்கூட்டியே கணக்கிட்டுவிடுங்கள். அங்கே ஏற்கெனவே உங்கள் சபைக் குடும்பம் ஒன்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மழைக்காலமும் பகுதிக்குப் பகுதி மாறும். ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா பக்கம் மே தொடங்கி தென்மேற்குப் பருவமழை. பதுளை, பசறைப் பக்கம் ஒக்டோபர் தொடங்கித்தான் அடைமழை. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியது 2014 ஒக்டோபர் 29 காலையில். நீங்கள் பிள்ளைகளைக் கூட்டிவைக்கும் கட்டடம் எந்தச் சரிவின் கீழ் நிற்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மண்சரிவு எச்சரிக்கை வந்த நாளில் வகுப்பு கிடையாது, பேச்சே இல்லை. குளவிக்கூடு இருக்கும் மலைப்பக்கக் குறுக்குவழியும் அப்படித்தான். அதை உங்களுக்குக் காட்டித்தரச் சரியான ஆட்கள் கொழுந்து பறிக்கும் அக்காமார்.

யாரிடம் கேட்டுவிட்டு உள்ளே போவது

துரையின் (தோட்ட நிர்வாகியின்) கடிதத்தை முதலில் வாங்கிக்கொண்டு லயத்துக்குள் இறங்குவதே பலர் செய்வது. எனக்கு அந்த வரிசை பிடிக்காது. காரணம் பழையது. 1854இல் தொடங்கிய தமிழ் கூலி மிஷன், தோட்டத்துரைமாரின் பணத்தோடும் சம்மதத்தோடும்தான் லயங்களுக்கு உபதேசியார்களை அனுப்பியது. அவர்கள் நடத்திய பள்ளிக்கூடங்களால் எழுத்தறிந்தவர்கள் உண்டு, அதை மறுக்கமுடியாது. ஆனால் "கோயில்காரர் துரையின் ஆள்" என்ற எண்ணமும் கூடவே வந்தது. பங்களா வழியாக வருகிறவரிடம் தோட்டத்துச் சனம் இன்றைக்கும் மனம்விட்டுப் பேசாது.

நான் சொல்லும் வரிசை இது. உங்களுக்குத் தெரிந்த வீட்டாரோடு போய் முதலில் தோட்டத் தலைவர்மாரைப் பாருங்கள். ஒரே டிவிஷனில் இரண்டு மூன்று தொழிற்சங்கங்கள் இருக்கும். ஒருவரைப் பார்த்துவிட்டு மற்றவரை விட்டால் அன்றோடு நீங்கள் ஒரு கட்சிக்காரர். அதன்பின் மாரியம்மன் கோயில் கமிட்டி. இதைத்தான் கிறிஸ்தவர்கள் அநேகமாகத் தவிர்த்துவிடுகிறார்கள், தவிர்க்கக்கூடாததும் இதுதான். "ஐயா, நாங்கள் சபையிலிருந்து வருகிறோம். பிள்ளைகளுக்குப் பின்னேரம் பாடம் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். பாட நேரத்தில் மதம் பேசமாட்டோம். எப்போது வேண்டுமானாலும் நீங்கள் வந்து உட்கார்ந்து பார்க்கலாம்" என்று நேராகவே சொல்லுங்கள். சந்தேகத்தை ஒளிவுமறைவுதான் வளர்க்கும். இவ்வளவும் ஆனபிறகு தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் கடிதம் கொடுங்கள். பிள்ளைக்காம்பராவையோ (தோட்டத்துப் பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தையோ) கிளப் மண்டபத்தையோ பாவிக்க எழுத்தில் அனுமதி வாங்குவதும் அப்போதே.

தோட்டத்து மணிக்கூடு

சபையின் நேரமும் தோட்டத்தின் நேரமும் ஒத்துப்போகாது. பெண்கள் விடியுமுன் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, பிரட்டுக்கு (காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் இடத்துக்கு) போய், மலையேறி, மாலை மடுவத்தில் கொழுந்து நிறுத்துவிட்டு வீடு திரும்ப ஐந்து மணியாகும். அதன்பிறகு தண்ணீர், விறகு, சமையல். ஞாயிற்றுக்கிழமை ஓய்வுதானே என்று நினைப்போம். கைக்காசுக்குக் கொழுந்தெடுக்கப் போகிற ஞாயிறுகளும் உண்டு. சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வரும். அன்றும் மறுநாளும் குடியும் சண்டையும் அதிகம், கடன்காரர்களும் வருவார்கள். ஆகவே குடும்பங்களைச் சந்திக்க அந்த இரண்டு நாளும் ஆகாது. ஆனால் பிள்ளைகளுக்கு ஒரு பாதுகாப்பான இடம் திறந்திருக்க அதைவிட நல்ல நாளும் இல்லை.

முதல் இரண்டு மாதம் எதையும் தொடங்காமல் போய்வாருங்கள். இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) உட்காருங்கள், தருகிற தேத்தண்ணியைக் குடியுங்கள். "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டால் பட்டியல்தான் வரும், அதுவும் நீங்கள் கொடுக்கக்கூடியதாகத் தெரிகிற பொருட்களின் பட்டியல். "நேற்றுப் பின்னேரம் சின்னவன் எங்கே இருந்தான்?", "பெரியவள் எத்தனையாம் வகுப்போடு நின்றாள்? அன்றைக்கு என்ன நடந்தது?" என்று கேளுங்கள். குருடனான பர்திமேயுவுக்கு என்ன வேண்டும் என்பது பார்த்தாலே தெரியும். இயேசு அவனிடமும் கேட்டார். கேட்டதை வீட்டுக்கு வந்து எழுதிவையுங்கள். அவர்கள் முன்னால் படிவம் நிரப்பவேண்டாம். அந்த மக்கள் போதுமான படிவங்களைப் பார்த்துவிட்டார்கள்.

தொடங்குமுன் பிள்ளைப் பாதுகாப்பு விதிகள்

இதை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகளோடு பழகும் எல்லாரும் கையெழுத்திட்ட பிறகுதான் முதல் வகுப்பு. ஒரு பெரியவர் ஒரு பிள்ளையோடு தனியாக மூடிய அறையிலோ வாகனத்திலோ இருப்பதில்லை. அடிப்பதில்லை. பிள்ளையின் படத்தைப் பெற்றோர் சம்மதமின்றி எடுப்பதில்லை. சம்மதித்தாலும் அழும் பிள்ளையையும் கிழிந்த சட்டையையும் முகநூலில் போடுவதில்லை. இரவில் பிள்ளைகளுக்குத் தனியாக வாட்ஸ்அப் அனுப்புவதில்லை. போதகருக்கும் இதே விதிதான், அவருக்குத்தான் முதலில்.

துன்புறுத்தல் பற்றி ஒரு பிள்ளை வாய் திறந்தால் குறுக்கு விசாரணை செய்யவேண்டாம். கேளுங்கள், "சொன்னது நல்லது" என்று சொல்லுங்கள், "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும், பொலிஸில் சிறுவர் மகளிர் பிரிவும் உண்டு. தாய் அடிபடுகிறார் என்றால் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. பொலிஸில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டால், தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம் என்று கூடப்போகிறவர் சொல்லவேண்டும். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான்.

"தோட்டத்துக்குள்ளேயே பேசி முடிப்போம்" என்று தலைவர்மார் வருவார்கள். சிலசமயம் சபை மூப்பர்களும் வருவார்கள். பிள்ளையைத் தொட்ட விஷயத்தில் பேசி முடிப்பதற்கு ஒன்றுமில்லை.

பின்னேர வகுப்பு

தொடங்குவதற்கு இதைவிடச் சிறந்த வாசல் எனக்குத் தெரியாது. எந்தப் பெற்றோரும் இதை மறுக்கமாட்டார், எந்தக் கோயில் கமிட்டிக்கும் இதில் குறை இருக்காது.

முதல் நாள் பாடம் நடத்தவேண்டாம். ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பந்தி வாசிக்கச் சொல்லுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, "நேற்று" என்ற சொல்லில் நின்று, உங்கள் முகத்தைப் பார்த்து ஊகிக்க முயலும். கரும்பலகையைப் பார்த்து அழகாக எழுதும், கொப்பி நிறைய இருக்கும், எழுதியதை வாசிக்கத்தான் வராது. இத்தனை வருடம் வகுப்பில் ஒளிந்துகொள்ளப் பழகிய பிள்ளை அது. அதை எல்லார் முன்னிலையிலும் வாசிக்கச் சொன்னால் அடுத்த கிழமை வராது. ஆகவே வாசிப்பு எப்போதும் இருவர் இருவராக. வயதுப்படி பிரிக்காமல் வாசிக்கும் அளவுப்படி பிரியுங்கள். ஆனால் "கீழ்க்குழு" என்று பெயர் வைத்துவிடாதீர்கள்.

நேரம் ஐந்தரை முதல் ஏழு. முதல் அரைமணி விளையாட்டும் ஏதாவது சாப்பிடவும்: அவித்த கடலை, ரொட்டியும் சம்பலும் போதும். அம்மாமார் இருவரை முறைவைத்துச் சமைக்கச் சொல்லி, சாமானுக்குச் சபை காசு கொடுக்கட்டும். பிறகு நாற்பது நிமிடம் வாசிப்பும் கணக்கும். மிச்ச நேரம் வீட்டுவேலை. மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு ஒரு சார்ஜ் லைட் வைத்திருங்கள். முடிந்ததும் மேல்லயத்துப் பிள்ளைகளை ஒருவர் கூட்டிக்கொண்டுபோய் விடவேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்பலாமா வேண்டாமா என்பதை அந்த இருட்டு வழிதான் தீர்மானிக்கும்.

பாடப்புத்தகமும் சீருடைத் துணியும் அரசாங்கம் தருகிறது. ஆகவே அவற்றுக்கு நன்கொடை திரட்டவேண்டாம். குறைவது சப்பாத்து, அப்பியாசக் கொப்பி, பஸ் காசு, ஐந்தாம் வகுப்புக்கு மேல் டவுன் பாடசாலைக்கு மாறும்போது வரும் செலவுகள். சப்பாத்தின்றி ஒரு பிள்ளை இரண்டு நாள் நிற்கும், பிறகு ஒரு கிழமை, பிறகு நின்றேவிடும். ஐந்து முதல் பதினாறு வயதுவரை பாடசாலைக்கு அனுப்புவது சட்டப்படி கட்டாயம் என்று பெற்றோரிடம் சொல்லலாம். ஆனால் சட்டம் சொல்லிப் பயமுறுத்துவதைவிட அதிபரை நேரில் பார்த்து, "இந்தப் பிள்ளை இன்றைக்கு வராவிட்டால் எங்களுக்கு ஒரு போன் போடுங்கள் சேர்" என்று சொல்வது நன்றாக வேலைசெய்யும்.

இடைவிலகிய பையன்களும் பெண்பிள்ளைகளும்

வகுப்புக்கு வெளியே, மதகில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு நான்கைந்து பேர் இருப்பார்கள். பதினைந்து முதல் இருபது வயது. வாயில் பாபுல் (பாக்கும் புகையிலையும் கலந்து மெல்லுவது). சிலர் கொழும்புக்குப் போய்த் திரும்பியவர்கள். அவர்களை உள்ளே கூப்பிடவேண்டாம், நீங்கள் வெளியே போங்கள். ஒரு கரப்பந்தோ கரம்போர்டோ போதும். கரப்பந்து வலையைப் பிரட்டுக்களத்தில் கட்ட அவர்களிடமே உதவி கேளுங்கள். பிரசங்கம் வேண்டாம், "உன் வயதில் நான்" என்று தொடங்கும் எந்தப் பேச்சும் வேண்டாம்.

பெண்பிள்ளைகள் மதகில் உட்காரமாட்டார்கள். அதனால் அவர்கள் நின்றதே யாருக்கும் தெரியாது. தம்பி தங்கைமாரைப் பார்க்க வீட்டில் இருப்பார்கள், அல்லது யாரோ தரகர் வந்து கொழும்பில் வீட்டுவேலைக்குப் பேசிக்கொண்டிருப்பார். அவர்களைத் தேடிப்போக உங்கள் குழுவில் அக்காமார் இருக்கவேண்டும். வேலைக்கமர்த்தல் சட்டத்தில் 2021இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலைக்கும் அமர்த்தமுடியாது. தரகர் வந்த சேதி கேட்ட அன்றே அந்த வீட்டுக்குப் போங்கள். தாயைத் திட்டாதீர்கள், முற்பணம் ஏதும் வாங்கிவிட்டார்களா, எந்தக் கடனுக்காக என்று மெதுவாகக் கேளுங்கள். விடை அங்கேதான் இருக்கும்.

போதை பற்றிப் பேசும்போது பெயர்சொல்லிப் பேசுங்கள்: கசிப்பு, பாபுல், கஞ்சா, மாத்திரை, ஐஸ். "கெட்ட பழக்கம்" என்று மொத்தமாகச் சொன்னால் சிரிப்பார்கள். பாபுலும் ஐஸும் ஒன்றல்ல என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். இருபத்தொரு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மதுவும் புகையிலையும் விற்பது 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். விற்கும் கடைக்காரரிடம் தலைவர்மாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பேசலாம். விட நினைக்கிறவனுக்கு அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கம் உண்டு. ஜெபியுங்கள், ஆனால் ஜெபத்தில் விட்டாயிற்று என்று மேடையில் சாட்சி சொல்லவைக்க அவசரப்படாதீர்கள். மறுபடி விழுந்தால் அவனுக்கு உங்கள் முகத்தில் முழிக்க வழியிருக்காது. சாகப்போகிறேன் என்று ஒருவர் சொன்னால், விளையாட்டுக்குச் சொன்னாலும், தனியே விடவேண்டாம். வீட்டிலுள்ள களைக்கொல்லியையும் மருந்துகளையும் அப்புறப்படுத்துங்கள், மனநல உதவி இலக்கமான 1926க்கு அழையுங்கள். ஏதும் குடித்துவிட்டால் உடனே 1990 அம்புலன்ஸ்.

தொழில் வழிக்கு: ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு, தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களும் உண்டு. பையனிடம் விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தால் அது கூரை இடுக்கில்தான் கிடக்கும். ஒருநாள் கூடவே போய், பட்டறையைப் பார்க்கவைத்து, அங்கே ஏற்கெனவே படிக்கும் தோட்டத்துப் பையன் ஒருவனோடு பேசவிடுங்கள். அடையாள அட்டை கேட்பார்கள். பதினைந்து வயதில் விண்ணப்பிக்கலாம். பாடசாலை மாணவருக்கு அதிபரும், தோட்டத்தில் வசிப்பவருக்குத் தோட்ட அதிகாரியும் உறுதிப்படுத்தித் தருவார்கள். அதற்கும் முன்னால் பிறப்புச் சான்றிதழ். அதில் தாயின் பெயர் ஒரு மாதிரியும் தாயின் அட்டையில் வேறு மாதிரியும் இருப்பது சர்வசாதாரணம். இந்தக் காகித வேலைக்கென்றே சபையில் ஒரு ஓய்வுபெற்ற எழுதுவினைஞரையோ அதிபரையோ பிடித்துவையுங்கள். சிங்களத்தில் கடிதம் எழுதத் தெரிந்தவரானால் இன்னும் நல்லது.

வீட்டுக்குள்

குடும்பச் சந்திப்பில் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும்: குடி, கிழமைக் கடன், வெளிநாடு. கடன் விஷயத்தில் சபைப் பணத்தைக் கொடுத்து அடைக்கப் போகாதீர்கள். அடுத்த மாதம் லயமே வரிசையில் நிற்கும், உங்களுக்கும் கொடுக்க முடியாது. எந்தக் கம்பனி, எவ்வளவு, கிழமைக்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்க உதவுங்கள். எழுதினாலே பாதிப்பேருக்கு எந்தக் கடனை முதலில் முடிப்பது என்று தெரிந்துவிடும். பெண்கள் தாங்களே நடத்தும் சிறுசேமிப்புக் குழு நல்லது, ஆனால் பெட்டியும் கணக்கும் அவர்களிடமே இருக்கட்டும்.

அம்மா வெளிநாட்டில் இருக்கும் வீட்டில் பாட்டியைப் பாருங்கள். எல்லாரும் பிள்ளைகளைத்தான் விசாரிப்பார்கள். முட்டி நோவோடு மூன்று பேரப்பிள்ளைகளை வளர்க்கிற அந்த மனுஷிக்கு ஒரு பின்னேரம் ஓய்வு கொடுப்பதும் ஊழியம்தான்.

சுவிசேஷம் எங்கே வருகிறது

மறைக்கவேண்டியதில்லை. நீங்கள் யார், ஏன் வருகிறீர்கள் என்று கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்லுங்கள். ஆனால் உதவிக்கும் ஆராதனைக்கும் நடுவே ஒரு சுவர் இருக்கட்டும். பாடம் ஒரு நாள், வேதபாடம் இன்னொரு நாள், வேறு இடத்தில். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் பெற்றோருக்குத் தெரியாமல் அங்கே வரக்கூடாது. சப்பாத்து வாங்கிக்கொண்ட பிள்ளையிடம் ஞாயிறு ஏன் வரவில்லை என்று கேட்டீர்களானால், அன்றைக்கே அந்தச் சப்பாத்துக்கு விலை போட்டுவிட்டீர்கள். அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை விரும்பிய மதத்தைக் கொண்டிருக்கவும் தழுவவும் எல்லாருக்கும் சுதந்திரம் தருகிறது. அது லயத்து இந்துக் குடும்பத்தின் சுதந்திரமும்தான்.

அருட்தந்தை போல் கெஸ்பர்ஸ் 1972இல் கண்டியில் தொடங்கிய சத்யோதயாவை இங்கே நினைக்கவேண்டும். இயேசுசபைக் குருவான அவர் தமிழ்த் தோட்டத்தாரையும் சிங்களக் கிராமத்தாரையும் ஒன்றாக உட்காரவைத்தார். மலையகத்தில் சபையின் பெயர் கெடாமல் இருப்பதற்கு அப்படிப்பட்டவர்களும் ஒரு காரணம்.

ஆடித் திருவிழாவிலும் தீமிதி நாட்களிலும் உங்கள் கூட்டத்தை ஒத்திவையுங்கள். ஒலிபெருக்கி எந்த நாளிலும் வேண்டாம். தேர் வரும் பாதையைத் துப்புரவாக்க உங்கள் வாலிபர்கள் இரண்டு மண்வெட்டியோடு போனால், கமிட்டியில் உங்களைச் சந்தேகப்பட்டவரே அடுத்த கிழமை வகுப்புக்குக் கதிரை கொண்டுவந்து போடுவார்.

கணக்கும் ஒப்படைப்பும்

வரவுசெலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை லயத்துப் பெற்றோர் முன் வாசியுங்கள், கடலை வாங்கிய பில் உட்பட. வெளிநாட்டு நன்கொடை வந்தால் அதையும் சொல்லுங்கள். "எவ்வளவோ வருது, நமக்குக் கடலைதான்" என்ற பேச்சு எழுந்தபிறகு விளக்குவது கஷ்டம்.

முதல் வருட முடிவிலேயே ஓ.எல். முடித்த ஒரு தங்கையையோ தம்பியையோ வாசிப்புக் குழுவுக்குப் பொறுப்பாக்குங்கள், பஸ் காசும் சிறு கொடுப்பனவும் கொடுத்து. இரண்டாம் வருடம் வகுப்பை அவர் நடத்த நீங்கள் பக்கத்தில் இருங்கள். மூன்றாம் வருடம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போனால் போதும். அலுமாரிச் சாவி, வரவு இடாப்பு, எந்தப் பிள்ளை எந்தப் பக்கத்தில் நிற்கிறது என்று எழுதிய கொப்பி மூன்றும் அவரிடம். குடும்ப விஷயங்கள் எழுதிய கொப்பியை மட்டும் சபையில் பூட்டிவையுங்கள். அவர் வேலை கிடைத்தோ கலியாணமாகியோ தோட்டத்தைவிட்டுப் போகும் நாளும் வரும். அதனால் எப்போதும் இருவராகப் பழக்குங்கள், ஒருவர் மேல்லயத்திலிருந்து, ஒருவர் கீழ்லயத்திலிருந்து.